எடுத்து வைத்தவர்

கயல், முகிலா,

நேற்றுச் சாப்பிடும்போது கயல் கேட்டாள். "அப்பா, என் லேப்டாப் ஆன் ஆக மாட்டேங்குது. தேக்கா மாமாகிட்ட குடுத்துடவா?" நான் வேண்டாம் என்றேன். "ஏன்பா?" என்றாள். "வேணாம்னா வேணாம் லா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். முகிலன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் எப்போது அவரைப் பற்றிக் கேட்டாலும் நான் இப்படித்தான் பேச்சை மாற்றி வந்திருக்கிறேன். இனிமேல் அது சரியில்லை. ஒருத்தி பாலிடெக்னிக் போகிறாள், ஒருவன் அடுத்த வருடம் ராணுவத்துக்குப் போகப் போகிறான். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வாயால் சொன்னால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். நான் செகண்டரி இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்காவது ‘ற’வுக்குப் பதில் ‘ர’ போட்டிருந்தால் உங்கள் அம்மா திருத்துவது மாதிரி நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. சின்ன வயதில் நீங்கள் இருவரும் கூப்பிட்ட பெயரே போதும்: எடுத்துவெச்ச மாமா.

அவருடைய கடை தேக்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், தையல்கடைக்கும் பூஜைச் சாமான் கடைக்கும் நடுவில் இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, அவர் உட்கார ஒரு ஸ்டூல், வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். பின்னால் சுவர் முழுக்க சின்னச் சின்ன டிராயர்கள். மாத்திரை போட்டு வைக்கும் பெட்டி இருக்கிறதே, ஞாயிறு முதல் சனி வரை எழுதியது, அதில்தான் ஸ்க்ரூக்களைப் போட்டு வைப்பார். "உங்க லேப்டாப் செவ்வாய்க்கிழமைல இருக்குண்ணே" என்பார். முதலில் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது.

வருகிறவர்களை அவர் வாங்க என்று சொல்லிக் கேட்டதில்லை. தலையை நிமிர்த்தாமல் ஒரே கேள்விதான்: "எடுத்து வெச்சிட்டீங்களா?"

நாங்கள் உங்கள் அம்மாவின் லேப்டாப்போடு முதல்முறை போனபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம், "என்ன எடுத்து வெக்கணும்? சாப்பாடா?" என்றாள்.

"உள்ள இருக்கறத, அண்ணி. போட்டோ, பாட்டு, உங்க வேலை எல்லாம். எடுத்து வெச்சீங்களா இல்லையா?"

"அதெல்லாம் எடுத்து வெக்கத் தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வரேன்?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. எதுக்கு சண்டைக்கு வரீங்க?"

"டியூஷன் டீச்சர் சண்டைக்கு வராம பின்ன யாரு வருவா?"

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். சிரித்தார். "சரி அண்ணி. நானே எடுத்து வெச்சுக்கறேன். எடுத்து வெச்சப்புறந்தான் உள்ள கை வெப்பேன். அதான் நம்ம பழக்கம்."

உங்கள் அம்மா விடுகிற ஆளா? "எடுத்து வெக்கறேன்னு சொல்லுங்க. வெச்சுக்கறேன்னா உங்களுக்குன்னு வெச்சுக்கறதா அர்த்தம் ஆயிடும்."

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணி."

"ஒண்ணில்ல."

மூவரும் சிரித்தோம். பக்கத்துத் தையல்காரரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவர் எங்களுக்கு வேண்டியவராகிவிட்டார்.

எதையும் யாருக்காவது எடுத்து வைக்காமல் அவரால் இருக்க முடியாது. கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடையில் உளுந்து வடை தீரப்போகிறது என்றால் முகிலனுக்கு ஒன்று எடுத்து வைத்துவிடுவார். தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டுக் கோயில் பக்கம் வெயில் படாத ஓர் ஓரத்தில் செய்தித்தாளை விரித்துவிட்டு, "உங்களுக்கு இடம் எடுத்து வெச்சிருக்கேண்ணே" என்று போன் செய்வார். ஊரில் எல்லாரும் இடம் பிடித்து வைப்பார்கள். இவர் எடுத்து வைப்பார். பெயர் வைத்தது கயல்தான். அவர் காதில் விழுந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டார். "நல்ல பேருதானே?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்கிற ஒரு பையன் வந்தான். சாரத்திலிருந்து போன் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. அவனுடைய அக்கா கல்யாணத்துக்கு இவனால் போக முடியவில்லை, அவர்கள் அனுப்பிய படமெல்லாம் அதில்தான் இருந்தது. "வேற எங்கயும் இல்லண்ணே. ஊர்லயும் படம் எடுத்த போன் தொலைஞ்சு போச்சு" என்று நின்றான். இவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போன வருசம் ஸ்க்ரீன் மாத்த வந்தவன்தானே நீ?" டிராயர் ஒன்றை இழுத்தார். எதையோ எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் ஒரு மணப்பெண் வந்து நின்றாள். அந்தப் பையன் மேசையில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டான். நாங்களெல்லாம் கை தட்டினோம். பூஜைக் கடை அம்மா ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து அவர் விளக்கின் மேல் போட்டார்.

போன வருடம் ரிப்பேருக்கு வந்த போனில் இருந்ததை இவர் இன்னும் ஏன் வைத்திருக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது உங்கள் அம்மாவின் குரலுக்கு வருகிறேன். அவள் வீட்டுக்கு வருகிற டியூஷன் பிள்ளைகளுக்காகப் பாடங்களைத் தன் குரலில் வாசித்து லேப்டாப்பில் பதிவு செய்து வைப்பாள். வாய்மொழித் தேர்வுக்குக் கேட்டுப் பழக வேண்டும் என்பாள். சிராங்கூன் வீட்டில், ஹாலில் உட்கார்ந்துதான் பதிவு செய்வாள். அதில் ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். ‘ஒரு நாள் மாலை, கவிதா தன் தம்பியுடன் விளையாட்டுத் திடலுக்குச் சென்றாள். காற்று பலமாக வீசியது.’ இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "ஏங்க, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துங்களேன். சத்தம் உள்ள வருது" என்பாள். ‘டக்’ என்று ஸ்விட்ச் சத்தம் கேட்கும். அந்த ‘டக்’ நான். பிறகு ஒன்றும் நடக்காதது போல ‘வானத்தில் கருமேகங்கள் சூழ்ந்தன’ என்று தொடருவாள்.

அதை வெட்டிவிடலாமே என்று நான் கேட்டேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கேட்கவில்லை. "இருக்கட்டும். புள்ளைங்க சிரிக்குதுங்க. சிரிச்ச எடம் மறக்காது" என்றாள். உண்மைதான். டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் "காற்று பலமாக வீசியது" என்று வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் போனதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவளைக் கிடத்திக் கூட்டம் கூடியிருந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்களே தவிர, நீங்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒரு தூணுக்குப் பின்னால் உங்களைக் கூட்டிப்போய், "மாமா உங்களுக்கு இட்லி எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஊட்டினார். கயலுக்கு நினைவிருக்கலாம். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அதை மறந்துவிட்டு இதை எழுதினால் நான் நியாயமானவன் இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் அந்த லேப்டாப் அடியோடு நின்றுபோனது. நான் அதைத் துண்டில் சுற்றி அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "டிஸ்க் போயிடுச்சுண்ணே. இதுலேர்ந்து ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் என் கையைப் பிடித்தார். "அழாதீங்க. முதல் தடவ வந்தப்பவே நான் எடுத்து வெச்சிட்டேன்ல? இருக்கு. எல்லாம் இருக்கு."

டிராயரை இழுத்தார். செருகினார். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் உங்கள் அம்மா "ஏங்க" என்றாள். அந்தக் கட்டுமானப் பையன் அழுத அதே மேசையில் நானும் தலையைச் சாய்த்தேன். தையல்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்று நம் வீட்டில் இருக்கிற அம்மாவின் குரல் எல்லாம் அன்று அவர் லேப்டாப்பில் புது டிஸ்க் மாட்டி ஏற்றிக் கொடுத்ததுதான். இதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து அவர் எனக்குத் தம்பி. நான் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால், பயணக் கார்டைத் தட்டுவதற்கு முன்னாலேயே "வாடா தம்பி" என்பேன். பக்கத்தில் நின்றுகொண்டு, பேசக்கூடாத இடத்தில் பேசிக்கொண்டே வருவார். நான் "உள்ள போடா" என்று விரட்டுவேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். தேக்கா நிறுத்தத்தில் ஓர் அம்மாவும் சீருடை போட்ட மகளும் ஏறி, எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார்கள். "ஓரல் பரீட்சை வருதுல்ல? சும்மா வராத, கேளு" என்று அந்த அம்மா போனைத் தட்டினார்.

"ஒரு நாள் மாலை, கவிதா தன் தம்பியுடன் விளையாட்டுத் திடலுக்குச் சென்றாள்."

என் முதுகுக்குப் பின்னால் உங்கள் அம்மா பேசினாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். சிராங்கூன் சாலையில் முன்னால் ஒரு லாரி. "காற்று பலமாக வீசியது" என்றாள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பஸ் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அத்தனை பேர் நடுவில் அவள் என்னைக் கூப்பிடப் போகிறாள் என்று என் காதெல்லாம் சுட்டது. காத்திருந்தேன்.

"வானத்தில் கருமேகங்கள் சூழ்ந்தன."

அவள் கூப்பிடவில்லை. மூச்சுகூட விடாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"அங்கிள்! பெல் அடிச்சேனே!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். நிறுத்தத்தைத் தாண்டி வந்துவிட்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டேன். அந்த அம்மாவும் மகளும் இறங்கும்போது கேட்டேன்: "இது எங்க கிடைச்சுச்சும்மா?"

"டியூஷன் சென்டர்ல அனுப்பினாங்க அங்கிள். ரொம்ப கிளியரா இருக்குல்ல?"

"ஆமாம்மா. ரொம்ப கிளியர்."

சென்டர் பெயரையும் சொன்னார். அது எடுத்துவெச்ச மாமாவுடைய மனைவியின் தங்கை நடத்துவது. திறப்பு விழாவுக்கு நம் மூவரையும் அழைத்து, நாம் போவதற்குத் தாமதமானதால் லட்டு எடுத்து வைத்திருந்தாரே, அந்த இடம்.

என் ஓய்வுநாளில் போனேன். தலையை நிமிர்த்தாமலே, "எடுத்து வெச்சிட்டீங்களா?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "அட, வாங்கண்ணே! மறுபடியும் மக்கர் பண்ணுதா?" என்றார்.

"நீ எடுத்து வெச்சதப் பத்திக் கேக்கத்தான் வந்தேன்" என்றேன். பஸ்ஸில் கேட்டதைச் சொன்னேன்.

அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதாக அவருக்குத் தோன்றவே இல்லை. "கேட்டீங்களா? நல்லா இருந்துச்சா? அண்ணியோட குரல் டிராயர்லயே தூங்குதேன்னு எனக்கு ஒரு மாதிரி இருக்கும்ணே. இப்ப பாருங்க, எவ்ளோ புள்ளைங்க கேக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீங்க வேணாம்னா சொல்லியிருப்பீங்க?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்புறம் என்னண்ணே?"

அவர் புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடியவன் முகம் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்திருந்தேன். அவர் முகம் முகிலனுக்கு வடை எடுத்து வைத்த அதே முகமாக இருந்தது.

"உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் போகலியே" என்றார். "உங்களுது உங்ககிட்ட முழுசா இருக்கு. நான் எடுத்து வெச்சது காப்பிதானே?"

பர்ஸ் போனால் பை காலியாக இருக்கும். இதில் எதுவும் காலியாகவில்லை. பிறகு கேட்டேன்: "‘ஏங்க’ எங்க?"

"என்னது?"

"நடுவுல ஃபேன நிறுத்தச் சொல்வா. அது எங்க?"

"ஓ, அதுவா? புள்ளைங்களுக்கு டிஸ்டர்பா இருக்கும்ல, அதான் கட் பண்ணிட்டோம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "நாந்தாண்ணே உக்காந்து எடுத்தேன். ஒட்டு தெரியுதா பாருங்க. தெரியாது."

தெரியவில்லை என்பது உண்மைதான். அவ்வளவு நன்றாக வெட்டி ஒட்டியிருந்தார். என்னிடம் இருந்ததில் எதுவும் குறையவில்லை. அவரிடம் போனதில்தான் குறைந்திருந்தது. அவள் வேண்டும் என்று விட்டுவைத்த ஒரே இடம், அவள் என்னைக் கூப்பிட்ட இடம்.

தையல் மெஷின் நின்றிருந்தது. பூஜைக் கடை அம்மா எங்கள் பக்கம் பார்க்காமல் ஊதுபத்திகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு என் முகம் என்னவோ போல இருந்திருக்க வேண்டும். "சரி சரி, கோவப்படாதீங்க. உங்க கண்ணு முன்னாலயே அழிச்சிடறேன்" என்று திரையை என் பக்கம் திருப்பினார். ‘சிராங்கூன் அண்ணி’ என்று எழுதியிருந்தது. அதற்கு மேலும் கீழும் எத்தனையோ பெயர்கள். ‘கல்யாணப் பையன்’ என்றும் ஒன்று இருந்தது. உங்கள் அம்மாவுடையதை அவர் அழித்தார்.

"வேற எங்கயாவது இருக்கா?"

நன்றாக யோசித்தார். சுவரில் இருந்த டிராயர்களை அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணு எங்கயாவது எடுத்து வெச்சிருப்பேண்ணே. பழக்கம் விடுமா?" என்று சிரித்தார். இந்த மாதிரி அவர் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பதுதான் வழக்கம். அவர் அதற்காகக் காத்திருந்தார்.

படி இறங்கும்போதுதான் உங்கள் அம்மா அன்று சொன்னது ஞாபகம் வந்தது. வெச்சுக்கறேன்னா உங்களுக்குன்னு வெச்சுக்கறதா அர்த்தம் ஆயிடும். அவர் எங்களிடம் பொய்யே சொல்லவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார். அவள் திருத்தினாள், நாங்கள் சிரித்தோம்.

அந்தப் பாடத்தை நிறுத்தச் சொல்லி நான் சென்டருக்குப் போகவில்லை. படிக்கிற பிள்ளைகளிடமிருந்து டீச்சரைப் பிடுங்கினால் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் அவர் கடைப் படியை மறுபடி மிதிக்கவில்லை.

பஸ்ஸில் இப்போதும் ஏறுகிறார். அதற்குப் பிறகு முதல் தடவை ஏறியபோது எதுவும் நடக்காதது போல "அண்ணே" என்றார். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "உள்ள போங்க" என்றேன். அந்த ‘ங்க’வைக் கேட்டதும் நின்றுவிட்டார். யாரோ ஒரு பயணியிடம் பேசுவது போல நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கார்டைத் தட்டிவிட்டுக் கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். அன்று ஒன்று புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். முழுவதும் புரிந்ததா தெரியாது. தீபாவளிக்கு இன்னும் வாழ்த்து அனுப்புகிறார். நான் படிக்கிறேன், பதில் போடுவதில்லை.

கயல், உன் லேப்டாப்பை நல்ல கடையாகப் பார்த்துக் கொடு. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதை நீயே எடுத்து வை. ஆன் ஆகவில்லை என்றால், உள்ளே இருக்கிற டிஸ்க்கை உன் கண் முன்னால் கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டு வா. மற்றதை அவர்கள் பார்க்கட்டும். ‘நாங்களே எடுத்து வெச்சுக்கறோம்’ என்று யாராவது அன்பாகச் சொன்னால், இன்னும் ஒரு தடவை யோசி. அன்பாகச் சொல்கிறவரை நம்பாதே என்று நான் சொல்லவில்லை. அவரும் அன்பாகத்தான் சொன்னார்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அவர் கடையிலிருந்து வந்த அன்று நீங்கள் இருவரும் பள்ளியில் இருந்தீர்கள். வீட்டில் யாரும் இல்லை. நல்ல வெயில், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது, நம்மிடம் இருப்பதிலும் அந்த இடம் இருக்கிறதோ இல்லையோ என்று. லேப்டாப்பை ஹாலில் அவள் உட்காரும் இடத்தில் வைத்துப் போட்டேன். கவிதா தம்பியுடன் திடலுக்குப் போனாள். காற்று பலமாக வீசியது.

"ஏங்க, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துங்களேன். சத்தம் உள்ள வருது."

நான் எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினேன். இரண்டு ‘டக்’ கேட்டது. ஃபேன் சுற்றி நிற்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு வந்து உட்கார்ந்து, வேர்க்க வேர்க்க, அந்தப் பாடத்தில் மழை பெய்து முடியும்வரை அவள் வாசிப்பதைக் கேட்டேன்.